மின்வெட்டுக்கு யார் காரணம்? கணக்கைக் காட்டும் தளங்கள்: ஒரு மதிப்பீடு

2022 ஏப்ரல் 20 இரவு தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் கரண்ட் போனது. மத்தியத் தொகுப்பிலிருந்து வந்துகொண்டிருந்த 750 மெகாவாட் திடீரென்று நின்றதுதான் காரணம் என்று அப்போதைய மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி விளக்கம் சொன்னார். நிர்வாகக் குறை என்றன எதிர்க்கட்சிகள். இப்படி ஒரு கூற்று வரும்போது அதை எடைபோடத் தேவையான எண்களில் பெரும்பகுதி பொதுவெளியில், காசில்லாமல், மறுநாளே கிடைக்கிறது. ஆனால் எல்லாம் ஒரே இடத்தில் இல்லை. ஒரு தளம் மின்சாரத்தைக் காட்டும், இன்னொன்று நிலக்கரியை, மூன்றாவது விலையை, நான்காவது பாக்கியை. பளபளப்பாக இருக்கும் தளம் குறைவாகச் சொல்கிறது. பார்க்கச் சகிக்காத பிடிஎஃப் நிறையச் சொல்கிறது.

இந்த மதிப்பீட்டுக்கு அளவுகோல் ஒன்றே: "வெளியிலிருந்து வரவில்லை, அதனால் வெட்டினோம்" என்று ஒரு மாநிலம் சொன்னால், அது சரியா தவறா என்று முடிவுகட்ட இந்தத் தளம் உதவுமா? நூற்பாலை, பவுண்டரி, குளிர்பதனக் கிடங்கு நடத்துபவர்கள், மாவட்டச் செய்தியாளர்கள், அடுக்குமாடிச் சங்கத்தில் ஜெனரேட்டர் டீசலுக்குக் கணக்கு எழுதுபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது.

கிரிட் இந்தியா தினசரி அறிக்கை

முதலிடம் இதற்குத்தான். போஸோகோ என்று இருந்து 2022 இறுதியில் கிரிட் இந்தியா என்று பெயர் மாறிய நிறுவனம் நாடு முழுவதற்குமான மின் வழங்கல் நிலையை நாள்தோறும் வெளியிடுகிறது. அதன் இணையதளத்தில் ரிப்போர்ட்ஸ், பிறகு டெய்லி, பிறகு பிஎஸ்பி (பவர் சப்ளை பொசிஷன்) என்று போனால் பிடிஎஃப் வடிவிலும் எக்செல் வடிவிலும் கிடைக்கும். எக்செலை எடுங்கள்; ஒரு மாதத்தை அடுக்கிப் பார்க்கும்போது அதன் அருமை தெரியும். முதலில் தடுக்கிவிடுவது தேதி. அறிக்கை வெளியாகும் நாள் வேறு, அது பேசும் நாள் வேறு. எண்கள் எப்போதும் முந்தைய நாளுடையவை. இதைக் கவனிக்காமல் செவ்வாய்க்கிழமை மின்வெட்டுக்குத் திங்கட்கிழமைக் கணக்கைக் காட்டிச் சண்டை போடுபவர்கள் உண்டு.

நாட்டின் மின்கட்டமைப்பு ஐந்து மண்டலங்கள். பலரும் மேலேயுள்ள மண்டல எண்களோடு நின்றுவிடுகிறார்கள். மாநிலவாரியான பகுதிக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டு வரிசையில் அன்றைய உச்சத் தேவை மெகாவாட்டில், அந்த நேரத்துப் பற்றாக்குறை, நாள் முழுவதும் வழங்கிய மின்சாரம் மில்லியன் யூனிட்டில், பிறகு டிராயல் செட்யூல், அதற்கு மேல் இழுத்ததா கீழே நின்றதா, மிக அதிகமாக இழுத்த ஒரு கணத்தின் அளவு, கடைசியில் மின்சாரப் பற்றாக்குறை என்று ஏழு எண்கள் இருக்கும். ஒரு மில்லியன் யூனிட் என்பது பத்து லட்சம் யூனிட். 1,000 மெகாவாட் நிலையம் ஒரு நாள் முழுக்க நிற்காமல் ஓடினால் 24 மில்லியன் யூனிட். இந்த ஒரு பெருக்கல் கைவசம் இருந்தால் போதும்.

டிராயல் செட்யூல் என்பது மாநிலங்களுக்கு இடையிலான கட்டமைப்பிலிருந்து இவ்வளவு எடுத்துக்கொள் என்று முன்கூட்டியே வரையறுத்த அளவு. கணக்கு புரிய ஒரு கற்பனை நாள்: வழங்கியது 400 மில்லியன் யூனிட், செட்யூல் 230 என்றால், மீதி 170 சுமாராக மாநிலத்துக்குள் கிடைத்தது. இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். 230ஐப் பார்த்ததும் "பாதிக்கு மேல் வடக்கிலிருந்து வருகிறது" என்று எழுதிவிடுகிறார்கள். நெய்வேலியும் கூடங்குளமும் தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் அவை மத்திய நிறுவனங்களின் நிலையங்கள். அவற்றின் மின்சாரம் தமிழ்நாட்டோடு கர்நாடகம், கேரளம், புதுச்சேரி என்று பங்கு பிரிந்து போகிறது. தமிழ்நாட்டின் பங்கும் இந்த செட்யூல் பத்தியில்தான் விழும். ஆக, நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் எரிந்து கடலூரில் விளக்கெரிக்கும் யூனிட்டும் ஏட்டில் வெளியாள்தான். கேரளக்காரர் பார்வையில் பார்த்தால் அவர் வீட்டு விளக்கில் நெய்வேலிக்குப் பங்கு உண்டு. அதற்காக நிலம் கொடுத்தது கடலூர் மாவட்டம்.

உண்மையாகவே மண்டலம் தாண்டி என்ன வந்தது என்று பார்க்க, அதே அறிக்கையில் மண்டலப் பரிமாற்றப் பக்கத்துக்குப் போக வேண்டும். மண்டலங்களுக்கு இடையிலான ஒவ்வொரு மின்பாதையும் தனித்தனி வரிசையில் இருக்கும். இறக்குமதி கூட்டல் குறி, ஏற்றுமதி கழித்தல் குறி; அதுவும் அந்தப் பகுதியின் தலைப்பில் முதலில் வரும் மண்டலத்தின் பார்வையில். தென்மண்டலத்துக்கு மேற்கிலிருந்து வருபவற்றில் சோலாப்பூர்–ராய்ச்சூர், வார்தா–நிஜாமாபாத், வரோரா–வாரங்கல் ஆகிய 765 கிலோவோல்ட் பாதைகளும், நேர்மின் (டிசி) வழியாக இணைக்கும் பத்ராவதி பேக்-டு-பேக் நிலையமும், சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர்ப் பக்கம் புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட் நேர்மின் பாதையும் முக்கியமானவை. கிழக்கிலிருந்து தால்சேர்–கோலார் நேர்மின் பாதை, அங்குல்–ஸ்ரீகாகுளம், காஜுவாகா. தமிழ்நாட்டுக்காரர் முதலில் பார்க்க வேண்டிய வரிசை ராய்கர்–புகளூர். அதன் திறன் 6,000 மெகாவாட். தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதோடு ஒப்பிட்டால் இந்த ஒரு பாதையின் எடை தெரியும். புகளூரிலிருந்து திருச்சூருக்கு 2,000 மெகாவாட் இன்னொரு நேர்மின் பாதை கிளம்புகிறது. சத்தீஸ்கரில் எரியும் நிலக்கரி கொங்கு நாட்டில் இறங்கிக் கேரளம் போகும் வழி அது.

இந்தப் பக்கத்தின் மதிப்பு பழைய கதை தெரிந்தவர்களுக்கு இன்னும் கூடுதல். 2013 டிசம்பர் 31 வரை தென்மண்டலம் மற்ற நான்கு மண்டலங்களோடு ஒரே அலைவெண்ணில் (மின்னோட்டம் ஒரு நொடியில் அதிரும் எண்ணிக்கை, ஃப்ரீக்வன்சி) ஓடவில்லை. தால்சேர்–கோலார், பத்ராவதி, காஜுவாகா என்று நேர்மின் வழிகள்தான் இணைப்பு. 2008 நவம்பரில் தமிழ்நாட்டில் தொழிற்சாலைகளுக்கு 40 விழுக்காடு வெட்டு போட்டபோதும், 2012இல் மாவட்டங்களில் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு நிலவியபோதும், நாட்டின் வேறு பகுதியில் விற்க மின்சாரம் இருந்த நாட்களிலும் அதைக் கொண்டுவரப் பாதை போதவில்லை. மறுபக்கமும் சொல்ல வேண்டும்: 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட, கிழக்கு, வடகிழக்கு மண்டலங்கள் இருண்டபோது தென்னாடு தப்பியதும் அந்தப் பிரிவினால்தான். சோலாப்பூர்–ராய்ச்சூர் பாதை வந்து ஐந்து மண்டலமும் ஒன்றானபின், தூத்துக்குடியிலும் லூதியானாவிலும் அலைவெண் ஒன்றே. அறிக்கையில் அலைவெண்ணுக்கென்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரை அனுமதித்த வரம்பு. நாளில் எத்தனை விழுக்காடு நேரம் 49.90க்குக் கீழே போனது என்று பாருங்கள். அது வழக்கத்தைவிட எகிறியிருந்தால் அன்று பற்றாக்குறை ஒரு மாநிலத்துடையது அல்ல, நாட்டுடையது.

அடுத்தது "மிக அதிகமாக இழுத்த கணம்" என்ற பத்தி. ஒதுக்கியதற்கு மேல் இழுப்பது, மேல்மடைக்காரர் இரவில் வாய்க்காலை வெட்டித் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்வதைப் போலத்தான். கீழ்மடைக்குத் தண்ணீர் குறையும். இங்கே அலைவெண் குறையும். அலைவெண் 49.4 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் தானியங்கி ரிலேக்கள் ஊர் ஊராகக் கழற்றிவிட ஆரம்பிக்கும். அதற்கு முன்பே, அதிகம் இழுக்கும் மாநிலத்துக்கு மண்டல மின்சுமை மையத்திலிருந்து (மின்வரத்தைக் கண்காணிக்கும் அலுவலகம்) குறைக்கச் சொல்லி உத்தரவு வரும். மாநில மையம் துணைமின் நிலையங்களுக்கு மெகாவாட் கணக்கில் கோட்டா கொடுக்கும். நம் தெருவில் பத்து நிமிடத்தில் விளைவு தெரியும்.

இனி இந்த அறிக்கையின் பெரிய ஓட்டை. பற்றாக்குறை என்ற பத்தியில் வருவது மாநிலங்கள் தெரிவிக்கும் எண்ணை ஒட்டியது. ஃபீடர் (துணைமின் நிலையத்திலிருந்து தெருக்களுக்குப் போகும் கம்பி) பழுது, டிரான்ஸ்பார்மர் எரிந்தது, பராமரிப்புக்கான ஷட்டவுன் எதுவும் இதில் சேராது. பூஜ்யம் என்று போட்டிருந்தால் "மொத்தமாக வாங்குவதில் குறை இருந்ததாகத் தெரிவிக்கவில்லை" என்று மட்டும் படிக்க வேண்டும். இன்னொன்று, நாள் கணக்கு குறுகிய நேரச் சிக்கலை விழுங்கிவிடும். 750 மெகாவாட் மூன்று மணி நேரம் நின்றால் இழப்பு இரண்டேகால் மில்லியன் யூனிட். நாளொன்றுக்கு 350 மில்லியன் யூனிட்டுக்கு மேல் செலவழிக்கும் மாநிலத்தில் அது ஒரு விழுக்காடுகூட ஆகாது. "வழங்கிய மின்சாரம்" பத்தியில் தேடினால் ஒன்றும் தெரியாது. ஆனால் மாலை உச்சத்தில் அது பல லட்சம் வீடுகள்.

அதனால் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, பெங்களூரிலிருக்கும் தென்மண்டல மின்சுமை மையத்தின் தினசரி அறிக்கை. இதில் மாநிலத்துக்குள் கிடைத்தது அனல், நீர், எரிவாயு, காற்று, சூரியன் என்று பிரித்திருக்கும். கட்டமைப்பிலிருந்து ஒதுக்கியதும் எடுத்ததும் தனித்தனி. அதைவிட முக்கியம், இரவு 8 மணி நிலையும் அதிகாலை 3 மணி நிலையும் மெகாவாட்டில் தரப்பட்டிருக்கும். நிலையவாரியான பட்டியலில் நெய்வேலி, கூடங்குளம், ராமகுண்டம், சிம்மாத்ரி என்று ஒவ்வொன்றும் அன்று எவ்வளவு உற்பத்தி செய்தன என்றும் தெரியும். ஒரு மத்திய நிலையத்தின் யூனிட் (இங்கே உற்பத்தி இயந்திரம் என்று பொருள்) நின்றதா என்ற கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. குறை என்னவென்றால் நீளம், சுருக்கெழுத்துகள், விளக்கம் தராத தலைப்புகள். தமிழில் ஒரு சொல் கிடையாது; கன்னடத்திலும் கிடையாது, அந்தவகையில் பாரபட்சம் இல்லை.

நிலக்கரி இருப்பு அறிக்கை

மேலே பார்த்தவை நேற்று நடந்ததைச் சொல்கின்றன. அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று மோப்பம் பிடிக்க வேண்டுமானால் மத்திய மின்சார ஆணையத்தின் தினசரி நிலக்கரி அறிக்கை. நேஷனல் பவர் போர்ட்டலில் தேதியைத் தேர்ந்தெடுத்து இறக்கிக்கொள்ளலாம். நிலையம் நிலையமாக, நாளொன்றுக்குத் தேவை, இருக்க வேண்டிய இருப்பு, உள்ளூர் நிலக்கரி எவ்வளவு, இறக்குமதி எவ்வளவு, விழுக்காடு என்று இருக்கும். சுரங்கத்தை ஒட்டிய நிலையங்கள் மாதத்துக்கேற்ப 12 முதல் 17 நாள் இருப்பு வைக்க வேண்டும். தொலைவிலிருப்பவை 20 முதல் 26 நாள். இருக்க வேண்டியதில் 25 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அபாயக் குறி.

தமிழ்நாட்டு வாரியத்தின் நிலையங்கள் எல்லாமே தொலைவு வகை. நிலக்கரி பெரும்பாலும் ஒடிசாவின் தால்சேர், ஈப் பள்ளத்தாக்குச் சுரங்கங்களிலிருந்து ரயிலில் பாரதீப் போய், அங்கே கப்பலேறி எண்ணூருக்கோ தூத்துக்குடிக்கோ வந்து, மேட்டூருக்கானது மறுபடி ரயிலேறுகிறது. ரயில், கடல், ரயில். இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் பதினைந்து நாள் கழித்துத்தான் கொதிகலனுக்குத் தெரியும். சுரங்கத்தில் மழை, ரேக் (சரக்கு ரயில் தொடர்) தட்டுப்பாடு, துறைமுகத்தில் வரிசை, வங்கக் கடலில் புயல் என்று கண்ணி அறுக்க ஆட்கள் நிறைய.

அளவு புரிய ஒரு கணக்கு. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இந்திய நிலக்கரி சுமார் 700 கிராம் வேண்டும். 210 மெகாவாட் யூனிட் ஒன்று முழு வேகத்தில் ஒரு நாள் ஓடினால் 3,500 டன். கிட்டத்தட்ட ஒரு சரக்கு ரேக், 58, 59 வேகன். தூத்துக்குடியில் அப்படி ஐந்து யூனிட். மேட்டூரின் பழைய நிலையத்தில் நான்கு, 840 மெகாவாட். 85 விழுக்காடு ஓட்டத்துக்கு நாளொன்றுக்கு சுமார் 12,000 டன். 26 நாளுக்கு மூன்று லட்சம் டன்னுக்கு மேல் முற்றத்தில் கிடக்க வேண்டும். அபாயக் கோடு 78,000 டன் பக்கம், அதாவது ஆறரை நாள். அறிக்கையில் மேட்டூர் ஒரு லட்சம் டன்னுக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் கோயம்புத்தூர், சேலம் ஆலைக்காரர்கள் டீசல் டேங்கை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.

2021 அக்டோபரிலும் 2022 ஏப்ரல்–மே மாதங்களிலும் நாடு முழுக்க நெருக்கடி வந்தபோது இந்த அறிக்கைதான் முன்கூட்டியே மணியடித்தது. 2022இல் நிலக்கரி ரேக்குகளுக்கு வழிவிட வட, மத்திய இந்தியாவில் பயணி ரயில்களையே ரத்து செய்தார்கள். பஞ்சாபிலும் ராஜஸ்தானிலும் குறைந்த நிலக்கரிக்கு சத்தீஸ்கரில் ஊருக்குப் போக வேண்டியவர் விலை கொடுத்தார்.

இந்த அறிக்கையில் இரண்டு எச்சரிக்கை. நிலைய முற்றத்தில் உள்ளதை மட்டும்தான் எண்ணுகிறது. பாரதீப்பில் குவிந்திருப்பதும் நடுக்கடலில் இருப்பதும் சேராது. ஆகவே தூத்துக்குடி இருப்பு சட்டென்று குறைந்து, கப்பல் வந்ததும் சட்டென்று ஏறுவது இயல்பு. ஒரு நாள் எண்ணைப் பார்த்துப் பதறாமல் பத்து நாளை வரிசையாகப் போட்டுப் பாருங்கள். அடுத்தது, பழுதாகி நிற்கும் யூனிட்டுக்கு நிலக்கரி செலவாகாது. இருப்பு நன்றாக இருப்பதாலேயே உற்பத்தி நன்றாக இருக்கிறது என்று பொருள் இல்லை. முற்றம் நிறைந்து யூனிட் படுத்திருக்கும் நாளும் உண்டு.

மின்சந்தை விலைப் பக்கம்

ஐஇஎக்ஸ் என்பது 2008 ஜூனில் தொடங்கிய மின்சாரச் சந்தை. அரசுத் துறை அல்ல, பங்குச்சந்தையில் பட்டியலான நிறுவனம். நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி நீண்டகால ஒப்பந்தங்களில் போய்விடுகிறது. சந்தைக்கு வருவது சிறு பங்கு. ஆனால் பற்றாக்குறையின் உண்மையான நாடித்துடிப்பு அந்தச் சிறு பங்கில்தான் கேட்கும். அதன் மார்க்கெட் டேட்டா பகுதியில் மறைத்துப் பேசுவதற்கு ஒன்றுமே இல்லை, எல்லாம் எண்.

டே அஹெட், அதாவது மறுநாளைக்கான சந்தையில் நாள் 96 துண்டுகளாக, கால் மணிக்கு ஒன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கும். காலை 10 மணி முதல் நண்பகல் வரை கேட்பவரும் விற்பவரும் விண்ணப்பிக்க, மறுநாளைய விலை அன்று பிற்பகல் தெரிந்துவிடும். ஆம், நாளைக்கு மாலை ஏழு மணிக்கு நாட்டில் மின்சாரம் எவ்வளவு இறுகும் என்பதை இன்று மதியமே பார்க்கலாம். 2020 ஜூன் முதல் அரை மணிக்கொரு ஏலமாக ரியல் டைம் சந்தையும் உண்டு.

பலரும் விலையைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். விலைக்கு உச்சவரம்பு இருப்பதால் அது பாதிக் கதைதான். 2021 அக்டோபரில் 20 ரூபாய் வரை போனது; 2022 ஏப்ரலில் வரம்பு 12 ரூபாய்க்கு வந்தது, 2023 ஏப்ரலில் 10 ரூபாய். விலை 10,000 என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். அது மெகாவாட் மணிக்கான கணக்கு, யூனிட்டுக்குப் பத்து ரூபாய். விலை வரம்பில் முட்டி நிற்கும் துண்டுகளில் "வாங்கக் கேட்டது" என்ற பத்தியையும் "முடிந்தது" என்ற பத்தியையும் கழித்துப் பாருங்கள். காசு கொடுக்கத் தயாராக இருந்தும் கிடைக்காமல் போன மெகாவாட் அது. மாநிலங்கள் அறிவிக்கும் பற்றாக்குறையைவிட இந்தக் கழித்தலை நாங்கள் அதிகம் நம்புவோம், ஏனென்றால் இதில் யாரும் யாருக்காகவும் பூஜ்யம் போட முடியாது.

அடுத்து "முடிந்தது" என்பதற்கும் "கடைசியாக செட்யூல் ஆனது" என்பதற்கும் இடையே வித்தியாசம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விற்பவரும் வாங்குபவரும் ஒத்துக்கொண்டும் பாதையில் இடமில்லை என்று பொருள். அப்போது ஏரியா விலைப் பக்கத்துக்குப் போக வேண்டும். அங்கே தமிழ்நாட்டின் குறியீடு எஸ்2, கேரளம் எஸ்3. ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம் எஸ்1. நாட்டு விலையும் எஸ்2 விலையும் ஒன்றாக இருந்தால் பாதை திறந்திருக்கிறது. எஸ்2 மட்டும் உயர்ந்திருந்தால் நெரிசல். 2013க்கு முன்னும் அதற்குப் பிந்தைய ஓரிரு ஆண்டுகளிலும் எஸ்2 எப்போதும் தனியாக மேலே நிற்கும். திருப்பூர்க்காரர் ராய்ப்பூர்க்காரரைவிட அதிக விலை கொடுத்தது கம்பி இல்லாததற்கு. இன்று பெரும்பாலான நாட்களில் விலை ஒன்றாகவே இருக்கிறது. அதன் மறுபக்கம், உத்தரப் பிரதேசத்தில் வெயில் ஏறினால் எஸ்2 விலையும் ஏறும்.

ஓப்பன் ஆக்சஸில் (வாரியத்திடம் அல்லாமல் வெளியே நேரடியாக) வாங்கும் ஆலைகளுக்கு ஒரு சொல்: இந்தப் பக்கத்து விலையை அப்படியே எடுத்து வாரியக் கட்டணத்தோடு ஒப்பிடாதீர்கள். பாதை இழப்பு, வீலிங் (கம்பி வாடகை), குறுக்கு மானியக் கூடுதல், கூடுதல் சர்சார்ஜ் எல்லாம் ஏறிய பிறகு வாசலுக்கு வரும் விலை வேறு. நண்பகல் சூரிய மின்சார நேரத்தில் மலிவு, மாலை ஆறு முதல் பதினொன்று வரை ஏற்றம் என்ற வடிவம் மட்டும் நிலையானது. ஷிப்டை மாற்ற முடிந்தவர்களுக்கு அந்த வடிவமே போதும்.

வித்யுத் பிரவாஹ், மெரிட்

இரண்டும் மத்திய மின் அமைச்சகத்தின் தயாரிப்பு, 2016, 2017 ஆண்டுகளில் வந்தவை. வித்யுத் பிரவாஹில் வரைபடத்தில் மாநிலத்தைத் தொட்டால் தேவை, சந்தை விலை, பற்றாக்குறை எல்லாம் வண்ணமாக வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்ட அருமையானது. நம் அளவுகோலுக்கு உதவாது: கணத்துக்குக் கணம் மாறும் எண்ணை வைத்து நேற்றைய வாக்குவாதத்தைத் தீர்க்க முடியாது, பற்றாக்குறை எண்ணும் அதே மாநிலக் கணக்கை ஒட்டியதுதான். மெரிட் கொஞ்சம் மேல். எந்த நிலையத்திலிருந்து என்ன மாறுசெலவில் (பெரும்பாலும் எரிபொருள் செலவு) மாநிலம் வாங்குகிறது என்று மலிவிலிருந்து விலை உயர்ந்தது வரை வரிசைப்படுத்திக் காட்டுகிறது. நிலக்கரி விலை ஏறியதும் எந்த நிலையம் பட்டியலில் கீழே தள்ளப்படுகிறது என்று அறிய நல்லது. தரவு மாநிலங்கள் தருவது. தந்த அளவுக்குத்தான் அதில் உயிர்.

பிராப்தி

யாரும் பார்க்காத தளம், பார்க்க வேண்டிய தளம். விநியோக நிறுவனங்கள் மின் உற்பத்தியாளர்களுக்கு வைத்திருக்கும் பாக்கியைக் காட்டுவது. 2018 முதல் இருக்கிறது. மின்பாதை இருந்தும், நிலக்கரி இருந்தும், காசு தராததால் மின்சாரம் நிற்கும் என்பதை 2022 ஆகஸ்ட் காட்டியது. 13 மாநிலங்களின் 27 விநியோக நிறுவனங்களுக்குச் சந்தையில் வாங்கவும் விற்கவும் தடை விதிக்கப்பட்டது. மொத்தப் பாக்கி சுமார் 5,085 கோடி. அந்தப் பட்டியலில் தமிழ்நாடும் இருந்தது, தெலங்கானாவும் மகாராஷ்டிரமும் இருந்தன. அந்த ஆண்டு ஜூனில் வந்த தாமதக் கட்டண விதிகளின்படி, பில் கொடுத்து இரண்டரை மாதம் ஆகியும் பணம் வராவிட்டால் முதலில் குறுகிய காலக் கொள்முதல் வழி அடைபடும். அப்படியும் கட்டாவிட்டால் நீண்டகால ஒதுக்கீட்டிலேயே மாதம் பத்து விழுக்காடாக வெட்டு ஏறும். ஆகவே "வெளியிலிருந்து வரவில்லை" என்று ஒரு அறிக்கை வந்தால், மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன் இந்தத் தளத்தில் அந்த மாநிலத்தின் பாக்கியைப் பார்த்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். குறை: பாக்கியில் தகராறில் உள்ளது எது, ஒத்துக்கொண்டது எது என்று புதிதாக வருபவருக்குச் சட்டென்று விளங்காது. தமிழ்நாட்டைத் தேடும்போது பெயரையும் கவனியுங்கள். மாநில மின் நிறுவனமான டான்ஜெட்கோ 2024இல் உற்பத்தி, விநியோகம், பசுமை ஆற்றல் என்று மூன்றாகப் பிரிந்துவிட்டது.

ஒரு கூற்றைச் சரிபார்க்கும் வரிசை

மின்வெட்டுக்கு மறுநாள், தென்மண்டல அறிக்கையில் இரவு 8 மணி நிலையைப் பார்க்கவும். நிலையவாரிப் பட்டியலில் மத்திய நிலையம் ஏதாவது முந்தைய நாளைவிடக் கீழே விழுந்திருக்கிறதா? 1,000 மெகாவாட் கூடங்குளம் யூனிட் ஒன்று நின்றால் நாள் கணக்கில் 24 மில்லியன் யூனிட் வரை சரியும். கண்ணில் படாமல் போகாது. விழுந்திருந்தால் கூற்றில் பாதி உண்மை. பிறகு நாட்டு அறிக்கையில் தமிழ்நாடு ஒதுக்கியதற்கு மேல் எவ்வளவு இழுத்தது, அலைவெண் எவ்வளவு நேரம் 49.90க்குக் கீழே என்று பார்க்கவும். இரண்டும் உயர்ந்திருந்தால் வாங்க முயன்று கிடைக்கவில்லை என்று கொள்ளலாம். சந்தைப் பக்கத்தில் அந்த நேரத்துக் கால் மணிகளில் விலை வரம்பில் முட்டியிருந்தால் உறுதி. விலை நான்கைந்து ரூபாயில் கிடந்து, எஸ்2 தனியாக உயராமலும் இருந்தால், மின்சாரம் சந்தையில் இருந்தது, யாரோ வாங்கவில்லை. கடைசியாக அதே வாரத்து நிலக்கரி அறிக்கை: வெளியே குறைந்தபோது உள்ளே மேட்டூரும் வடசென்னையும் ஏன் ஈடுகட்டவில்லை என்பதற்கு விடை அங்கே.

இவ்வளவும் பார்த்து எல்லாம் சீராக இருக்கிறது, ஆனாலும் உங்கள் தெருவில் மட்டும் கரண்ட் இல்லை என்றால், அது நாட்டுப் பிரச்சினை அல்ல. மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் சர்வீஸ் எண்ணைச் சொல்லிப் பதிவு செய்துவிட்டுப் போக வேண்டியதுதான். ஃபீடர் அளவில் எத்தனை மணி நேரம் கரண்ட் இல்லை என்று நாள்தோறும் சொல்லும் கணக்கு மேலே சொன்ன எந்தத் தளத்திலும் இல்லை.

இன்னொரு குறை, மாநிலங்களுக்கு இடையிலான மின்பரிமாற்றம். தமிழ்நாடு பிப்ரவரி முதல் மே வரை வட மாநிலங்களிடம் மின்சாரம் வாங்கிக்கொண்டு, ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றாலைக் காலத்தில் காசுக்குப் பதில் மின்சாரமாகவே, கொஞ்சம் கூடுதலோடு திருப்பித் தருகிறது. பஞ்சாபில் நெல் நடவு ஜூனில் தொடங்கும்; பம்புசெட்டுகளால் அங்கே தேவை எகிறும் மாதங்களும் ஆரல்வாய்மொழியிலும் பல்லடம் பக்கத்திலும் காற்று வீசும் மாதங்களும் ஒன்று. இமாச்சலம் கோடையில் பனி உருகும் நீர்மின்சாரத்தைத் தந்து குளிர்காலத்தில் திரும்பப் பெறுவதும் இதே முறைதான். நாட்டுக்குள் மாநிலங்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்பதற்கு இதைவிடச் சுத்தமான சான்று கிடையாது. ஆனால் தினசரி அறிக்கைகளில் இது செட்யூல் என்ற ஒரே எண்ணுக்குள் கரைந்துவிடுகிறது. யாருக்கு எவ்வளவு கடன், எப்போது திருப்பினோம் என்று தனிப் பத்தி இல்லை. ஏப்ரல் மாதத்து எக்செலையும் ஜூலை மாதத்து எக்செலையும் பக்கத்தில் வைத்து, தமிழ்நாட்டு செட்யூல் எவ்வளவு இறங்கியது, மண்டலம் தாண்டும் பாதைகளில் தென்மண்டலத்தின் இறக்குமதி எவ்வளவு மெலிந்தது, எந்த நாட்களில் குறியே மாறியது என்று பார்த்தால் நிழலாவது தெரியும். ராய்கர்–புகளூர் வரிசையில் தொடங்குங்கள். எதிர்த்திசையிலும் ஓடக்கூடிய பாதை அது.